மச்சிக்கு எடுத்து வைத்த பங்கு

ஜூன் 9, திங்கள்

மொட்டை மாடியில் ஒன்பது மாலை தொங்குகிறது. பூ மாலை இல்லை, கறி மாலை. காக்கைக்குப் பயந்து பழைய கொசுவலையைச் சுற்றியாயிற்று. பூனைக்குப் பயந்து கொடியை உயர்த்திக் கட்டியாயிற்று. மேற்கு மலையிலிருந்து இறங்கி வரும் சாரலுக்கு மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. காலையிலிருந்து நாலு தடவை மாடி ஏறி இறங்கிவிட்டேன். கம்பம் ஊரில் ஜூன் மாதம் உப்புக்கண்டம் போடுகிறவளுக்கு முழங்கால் இரண்டு போதாது.

இந்த டைரி அவர் கடைக்கு வந்தது. அவர் பம்புசெட் மோட்டார்களுக்குக் காயில் கட்டிக் கொடுக்கிறவர். தாமிரக் கம்பி விற்கும் கம்பெனிக்காரர்கள் வருஷம் தவறாமல் டைரி கொடுப்பார்கள், அது அலமாரியில் தூங்கும். இந்தத் தடவை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் எங்கள் மகள் நிலோஃபர். நேற்று மதுரை ஹாஸ்டலுக்கு பஸ் ஏறும்போது உத்தரவு போட்டுவிட்டுப் போனாள். பக்ரீத் முடிந்த முதல் வாரம் உப்புக்கண்டத்தை வறுத்து வறுத்துச் சலித்துவிடுகிறேனாம், அதற்குப் பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் முழிக்கிறேனாம். அதனால் என்னென்ன செய்தேன் என்று தேதி போட்டு எழுதி வைக்க வேண்டுமாம். சுடுதண்ணீர் வைக்கத் தெரியாத பிள்ளைக்கு உத்தரவு போட மட்டும் நன்றாகத் தெரிகிறது.

சரி, எழுதுகிறேன். எலும்பில்லாத கறி. கழுவக் கூடாது, துணியால் துடைக்க வேண்டும். அரிவாள்மனையில் வைத்து, சுருட்டிய பாயைப் பிரிப்பதுபோல உருட்டி உருட்டி, அறுந்து போகாமல் நீளவாக்கில் அரிய வேண்டும். அரிந்த துண்டை ஜன்னலுக்கு நேரே பிடித்தால் அதன் வழியே வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் தடிமன், உள்ளே காயாமல் நாறிவிடும். பிறகு கல் உப்பு, மஞ்சள், மிளகாய்த் தூள் போட்டுப் பிசறி, ஒரு பொழுது ஊறவைத்து, கோணி ஊசியால் சணல் கயிற்றில் கோத்துத் தொங்கவிட வேண்டும்.

சாயங்காலம் அவர் மாடிக்கு வந்து எண்ணிப் பார்த்தார். போன வருஷம் ஆறு மாலைதானே, இந்த வருஷம் என்ன ஒன்பது என்றார். ஆடு பெரிசு என்றேன். ஆடு பெரிசுதான்.

ஜூன் 10, செவ்வாய்

விடாத தூறல். ஒன்பது மாலையையும் இறக்கி அடுப்படியில் குறுக்கே கட்டியிருக்கிறேன். நடந்தால் முகத்தில் உரசுகிறது. எட்டு மாலை சணல் கயிறு, ஒன்று வெள்ளைக் காட்டன் டேப். சணல் தீர்ந்துவிட்டதால் கைக்குக் கிடைத்ததில் கோத்தேன்.

அவர் சாப்பிடும்போது, அக்கா கூப்பிட்டாளா என்று கேட்டார். இல்லை என்றேன்.

ஜூன் 11, புதன்

இது சமையல் டைரி. இதையெல்லாம் இதில் எழுத வேண்டியதில்லை. ஆனால் வேறு எங்கே எழுதுவது?

இவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. குர்பானி ஆட்டின் வலது பின்தொடை வீட்டில் பிறந்த பெண்ணுக்கு. ஏழைகளுக்கு உள்ள பங்கு தனி, சொந்தக்காரர்கள் பங்கு தனி. இந்தத் தொடை இரண்டிலும் சேராது. அவள் எங்கே வாழ்க்கைப்பட்டிருந்தாலும் பெருநாள் அன்று மஃரிபுக்குள், பொழுது சாய்வதற்குள், போய்ச் சேர வேண்டும். அவருக்குக் கூடப் பிறந்தவர் ஒரே அக்கா, ஜெய்புன்னிசா. எனக்கு மச்சி. உத்தமபாளையத்தில் இருக்கிறார், பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது. புருஷன் மவுத்தாகி எட்டு வருஷம். ஒரே மகன் சவூதியில்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த மகனுக்குக் கல்யாணம். மச்சி நேரில் வந்து அழைக்கவில்லை. கூரியரில் கார்டு வந்தது. சொந்தத் தம்பிக்குக் கூரியரில் கார்டு! இவர் அதைப் பிரிக்காமல் ஆணியில் மாட்டினார், கல்யாணத்துக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு பேச்சில்லை. போன பக்ரீத்துக்குத் தொடையும் போகவில்லை.

இந்த வருஷம் அவராகவே தொடையை முழுசாக எடுத்து வாளியில் வைத்து, மூடி கழன்றுவிடாமல் கடையில் காயிலுக்குச் சுற்றும் துணி டேப்பால் கட்டி, ஆட்டோ செல்லமுத்துவிடம் கொடுத்து அனுப்பு என்று என்னிடம் சொல்லிவிட்டுப் பங்கு கொடுக்கப் போனார். வெட்டி வைக்க மனம் வந்துவிட்டது, கொண்டுபோய்க் கொடுக்கக் கால் வரவில்லை. அதுவே அவருக்குப் பெரிய விஷயம்.

அன்று வீட்டில் கூட்டம், வாசலில் பங்கு வாங்க வந்தவர்கள், செல்லமுத்துவும் நேரத்துக்கு வரவில்லை. வேலை அவசரத்தில் அந்தத் தொடையும் மற்றதோடு சேர்ந்து அரிபட்டுவிட்டது.

இன்று மத்தியானம் அவர் கேட்டார், பங்கு போய்ச் சேர்ந்ததுதானே என்று. போயிருச்சு என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

வெயில் வந்தது. மாலைகள் கடகடவென்று காய்ந்துவிட்டன. விரலால் சுண்டினால் அட்டை போலச் சத்தம் வருகிறது.

வறுவல்: கால் மாலையைக் கத்தரித்து வெந்நீரில் கொஞ்ச நேரம் ஊறப்போட்டு, அம்மியில் நார் பிரியும் அளவுக்குத் தட்டிக்கொண்டேன். நல்லெண்ணெய், சோம்பு, கறிவேப்பிலை, இரண்டு கை சின்ன வெங்காயம், கிள்ளிய வற்றல் மிளகாய். வெங்காயம் சிவந்ததும் கறி. தீ சிறுத்தே இருக்க வேண்டும். உப்பு போடவே கூடாது. ருசி பார்த்துவிட்டுத்தான் அதைப் பற்றி யோசிக்க வேண்டும். நிலோஃபர், இதை அடிக்கோடு போட்டுக்கொள்.

ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து பருப்புக் குழம்போடு சாப்பிட்டார். மூன்று தடவை வாங்கினார். எனக்குக் காலையிலிருந்து நெஞ்செரிச்சல். மோர்ச் சோறு சாப்பிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

கத்தரிக்காய்க் குழம்பில் போட்டேன். சின்னமனூர்ச் சந்தைக் கத்தரிக்காய், நாலாகப் பிளந்தது. புளித் தண்ணீர் கொதிக்கும்போதே உப்புக்கண்டத்தைப் போட்டுவிட வேண்டும், காய் பிறகு. கறியிலிருக்கும் உப்பு குழம்புக்கு இறங்கி, குழம்பின் புளிப்பு கறிக்கு ஏறுகிறது. இறக்கும்போது கொஞ்சம் தேங்காய் அரைத்து விட்டேன். அவருக்குப் பிடித்திருந்தது. எனக்குப் புளி ஒத்துக்கொள்வதில்லை, ரசம் வைத்துக்கொண்டேன்.

ரசத்திலும் புளிதான் இருக்கிறது என்று இப்போது எழுதும்போதுதான் தோன்றுகிறது.

அவர் போனைத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு சாப்பிடுகிறார். முன்பெல்லாம் போனைக் கடையிலேயே மறந்துவிட்டு வருகிற மனிதர். ஒரு தடவை அடித்தது. எச்சில் கையோடு எடுத்தார். மோட்டார் ரெடியா என்று யாரோ தோட்டக்காரர் கேட்டார். அவருக்கு முகம் விழுந்துவிட்டது.

ஜூன் 17, செவ்வாய்

ஆட்டோ செல்லமுத்து வீட்டு மோட்டார் இவர் கடைக்கு வந்திருக்கிறதாம். நாளைக்கு அவன் வந்து எடுத்துப் போவானாம். இன்று சமையலில் மனம் போகவில்லை. உப்புமா.

ஜூன் 18, புதன்

செல்லமுத்து வந்தான், மோட்டாரை எடுத்துக்கொண்டு போனான். இருவரும் மழையைப் பற்றிப் பேசினார்களாம். அல்ஹம்துலில்லாஹ். இப்படியொரு விஷயத்துக்கு அல்ஹம்துலில்லாஹ் சொல்லலாமா என்று தெரியவில்லை.

ஜூன் 19, வியாழன்

முட்டைப் பொடிமாஸ்: ஊறிய உப்புக்கண்டத்தை நூல் நூலாகப் பிய்த்து வெங்காயத்தோடு முறுக விட்டு, அதன் மேல் நாலு முட்டை. மிளகுத்தூள் மட்டும். கடையில் வாங்கிய பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு அதிலேயே பிரட்டினேன். கொத்துப் பரோட்டாக் கடைக்காரன் என்னிடம் கற்றுக்கொண்டு போகலாம். அவர் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார். பக்ரீத்துக்குப் பிறகு அவர் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். எனக்குப் பசியில்லை.

நிலோஃபர் போன் செய்தாள். என்னென்ன செய்தேன் என்று கேட்டுக்கொண்டே வந்தவள் திடீரென்று, அவளுடைய மாமிக்கும், அதாவது மச்சிக்கும், கொஞ்சம் கொடுத்து விடச் சொன்னாள். இவளும் மச்சியும் எங்களுக்குத் தெரியாமல் போனில் பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருக்கிறேன்.

"மாமி என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லலம்மா. இந்த வருசம் உங்க வீட்டுல குர்பானி குடுத்தீங்களான்னு மட்டும் கேட்டாங்க. குடுத்தோம்னேன். சரிம்மான்னு வச்சுட்டாங்க."

அதற்குப் பிறகு பாத்திரம் எல்லாவற்றையும், சுத்தமாக இருந்ததையும் எடுத்துப் போட்டுத் துலக்கினேன்.

ஜூன் 21, சனி

நிலோஃபருக்கு ஹாஸ்டல் பொடி. இரண்டு மாலை முழுசாக. ஊறவைக்கக் கூடாது. காய்ந்ததைக் காய்ந்தபடியே சின்னத் துண்டாக வெட்டி, வெறும் சட்டியில் மொறுமொறுப்பாக வறுத்து, பூண்டு, வற்றல் மிளகாய், பொட்டுக்கடலை, சீரகம் சேர்த்து மிக்சியில் விட்டு விட்டு அடித்தேன். சுடுசோறு, நல்லெண்ணெய், இந்தப் பொடி. மெஸ் சாம்பாருக்கு முன்னால் இது கையில் இருந்தால் பிள்ளை தப்பித்துக்கொள்ளும். மதுரை போகிற பஸ் கண்டக்டரிடம் கொடுத்து விட்டேன். நாலு மணிக்கெல்லாம் கிடைத்துவிட்டது என்று சொன்னாள்.

எவ்வளவு தூரத்துக்கும் கொடுத்தனுப்ப முடிகிறது. உத்தமபாளையத்துக்குத்தான் முடியாமல் போனது.

ஜூன் 24, செவ்வாய்

வாழைக்காயோடு போட்டுப் பிரட்டல். நன்றாக வரவில்லை. வாழைக்காய் குழைந்துவிட்டது.

அவர் இரண்டாம் கவளத்திலேயே கையை உதறினார். பெருநாள் முடிந்து பதினேழு நாள் ஆயிற்றாம். அனுப்பிய கறி கிடைத்ததா, நன்றாக இருந்ததா என்று ஒரு வார்த்தை சொல்ல அக்காவுக்கு வாய் வரவில்லையாம். இரண்டு வருஷத்துக்குப் பிறகு தானே இறங்கி வந்தும் இப்படி என்றால், அப்படி ஒரு அக்கா வேண்டாமாம். சொல்லும்போது கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். போனை எடுத்து என் கண் முன்னாலேயே அந்த நம்பரை அழித்தார். அழித்துவிட்டுக் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. கூட மோர் வேண்டுமா என்று கேட்டேன்.

ஜூன் 27, வெள்ளி

ஜாடியில் எடுத்து வைத்ததில் கடைசிக் கறி, மொச்சை போட்டுக் குழம்பு. உப்பு கூடிவிட்டது. இவ்வளவு நாள் போடாமல் இருந்துவிட்டு இன்று பழக்க தோஷத்தில் கை போய்விட்டது. உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டுச் சரிக்கட்டினேன்.

நிலோஃபர் சொன்ன செய்தி: மச்சி மக்காவுக்கு, உம்ராவுக்குப் போகிறார். மகன் விசா அனுப்பிவிட்டானாம். ஜூலை ஒன்பதாம் தேதி மதுரையிலிருந்து விமானம். போவதற்கு முன்னால் சொந்தக்காரர் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லிக்கொண்டு வருகிறாராம்.

பயணம் சொல்வது என்றால் வெறுமே சொல்லிவிட்டு வருவது இல்லை. அல்லாஹ்வின் வீட்டுக்குப் போகிறவர் மனிதர்களிடம் உள்ள பாக்கியைத் தீர்த்துவிட்டுப் போக வேண்டும். நான் உங்களுக்கு ஏதாவது செய்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் கேட்க வேண்டும். மச்சி எங்கள் வீட்டுக்கும் வருவார். தம்பி வீட்டை விட்டுவிட்டு உம்ராவுக்குப் போகிற பெண் இல்லை அவர்.

இவரிடம் சொன்னேன். வந்தால் நான் கடையில் இருக்கிறேன் என்று சொல்லிவிடு என்றார்.

மச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்பார். நான் மன்னித்தேன் என்று சொல்ல வேண்டும். நான்.

ஜூன் 29, ஞாயிறு

இன்று அடுப்பே பற்றவைக்கவில்லை. அவர் ஒரு நிக்காஹ் விருந்துக்குப் போயிருக்கிறார். உட்கார்ந்து இந்த டைரியை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். நல்ல பொய்க்காரி எழுதிய மாதிரி இருக்கிறது.

"வேலை அவசரத்தில் அரிபட்டுவிட்டது" என்று எழுதியிருக்கிறேன். முழுத் தொடை அது, எலும்போடு. அவசரத்தில் எலும்பு தானாகக் கழன்றுகொள்ளுமா? அந்த எலும்பை நீக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. செல்லமுத்து வரவில்லை என்றும் எழுதியிருக்கிறேன். அவன் அஸர் தொழுகை நேரத்துக்கெல்லாம் வந்துவிட்டான். வாசலில் நின்று ஹாரன் அடித்தான். இன்றைக்கு ஒன்றும் இல்லை, போ என்று நான்தான் சொல்லி அனுப்பினேன். சணல் தீர்ந்துபோனதும் பொய். பரணில் ஒரு பந்து கிடக்கிறது. அந்த வெள்ளை டேப், வாளி மூடியில் அவர் கட்டியிருந்தது. அவிழ்த்ததும் நான்தான், அதில் கறியைக் கோத்ததும் நான்தான்.

ஏன் செய்தேன் என்றும் எழுதிவிடுகிறேன். அந்தக் கல்யாணத்தில் நாங்கள் இல்லாததைப் பார்த்து யாரோ கேட்டிருக்கிறார்கள். அதற்கு மச்சி, என் தம்பி தங்கம், வந்தவள்தான் அவனைக் கெடுத்துவிட்டாள் என்று நாலு பேருக்கு நடுவில் சொன்னாராம். இது என் காதுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. இவரிடம் நான் சொல்லவில்லை. உண்மையில் கல்யாணத்துக்குப் போகலாம் என்று அவரிடம் மூன்று நாள் மன்றாடியவள் நான். பட்டுப் புடவைக்கு ரவிக்கைகூடத் தைத்து வைத்திருந்தேன். பெருநாள் அன்று அவர் அந்தத் தொடையை அவ்வளவு ஆசையாகத் துடைத்து வாளியில் வைத்ததைப் பார்த்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கெடுத்தவள் என்று பேர் வாங்கியாயிற்று, கெடுத்துத்தான் பார்ப்போமே என்று அரிவாள்மனையை இழுத்துப் போட்டேன்.

பிறந்த பெண்ணுக்குத் தொடை கொடுப்பது மார்க்கத்தில் கடமை இல்லை, வீட்டு வழக்கம்தான். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டால் அப்படித்தான் சொல்வார். அதனால்தான் கேட்கப் போகவில்லை.

அரிந்ததிலிருந்து இன்று வரை ஒரு துண்டுகூட என் தொண்டைக்குள் இறங்கவில்லை. நெஞ்செரிச்சலும் இல்லை, புளியும் இல்லை. இறங்கவில்லை, அவ்வளவுதான்.

ஜூலை 1, செவ்வாய்

சணல் மாலை எல்லாம் தீர்ந்துவிட்டது. வெள்ளை டேப் மாலை ஒன்றுதான் இருக்கிறது. அதை மட்டும் நான் ஒரு தடவைகூடத் தொடவில்லை. வேண்டுமென்று விடவில்லை, கை போகவில்லை.

ஜூலை 3, வியாழன்

காலையில் அவரிடம், உத்தமபாளையம் போகிறேன், மச்சி வருவதற்கு முன்னால் நான் போய்ப் பார்க்கிறேன் என்றேன். உன் இஷ்டம் என்று பேப்பரைத் திருப்பினார். ஆனால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வண்டியில் கொண்டுவந்து விட்டார். பஸ் கிளம்புகிற வரைக்கும் வண்டியை எடுக்காமல் நின்றார். வேண்டாம் என்று அழித்த நம்பருக்காக யாராவது அப்படி நிற்பார்களா?

மச்சி வீட்டில் கூடம் முழுக்கப் பெட்டி, துணி, மருந்து. கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் அப்படியே நின்றுவிட்டார். இரண்டு வருஷத்தில் மெலிந்திருந்தார். கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தார். நாளைக்கு அவரே எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தாராம். சொல்லிவிட்டு, என் கையை விடாமல் ஏதோ ஆரம்பித்தார். என்ன கேட்கப் போகிறார் என்று தெரிந்துவிட்டது.

"மச்சி, நீங்க மொதல்ல கேட்டுறாதீங்க. நான் கேட்டதுக்கு அப்புறம் கேளுங்க" என்றேன்.

பையிலிருந்து மாலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். டைரியில் எழுதிய முதல் கதையை இல்லை, இரண்டாவது கதையை. என் காதுக்கு வந்த அந்தக் கல்யாண வீட்டு வார்த்தை, எலும்பு, டேப், செல்லமுத்து, போயிருச்சு என்று அவரிடம் சொன்ன பொய், அவர் போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டது, நம்பரை அழித்தது எல்லாம்.

மச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. எழுந்து அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்றுதான் உட்கார்ந்திருந்தேன்.

"மஃரிப் வரைக்கும் வாசல்லயே உக்காந்திருந்தேன் சபுரா," என்றார். "ஒவ்வொரு ஆட்டோவா பாத்துக்கிட்டு. வரலைன்னதும், சரி, தம்பி நம்மள வேணாம்னு விட்டுட்டான்னு முடிவு பண்ணிட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மச்சி தடுக்கவில்லை. நன்றாக அழு, அழ வேண்டியதுதான் என்றார். அழுது முடித்ததும் மாலையைப் பார்த்துவிட்டு, மற்றது எங்கே என்று கேட்டார். சாப்பிட்டுவிட்டோம், அவரும் பிள்ளையும் என்றேன்.

"நீ?"

"எனக்கு எறங்கல மச்சி."

மாலையைத் தன் மடிக்கு வாங்கிக்கொண்டு, கல்யாணத்தில் அந்த வார்த்தையைத் தான் சொன்னது உண்மைதான் என்றார். கோபத்தில் சொன்னாராம். கூரியரில் கார்டு அனுப்பியதும் தப்புதானாம். அலைய ஆள் இல்லை, எல்லாருக்கும் அனுப்பியதோடு தம்பிக்கும் அனுப்பிவிட்டார். அனுப்பிய மறுநாளே புத்தி வந்தது, அதற்குள் தம்பிக்கு ரோஷம் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு மச்சிக்கும் ரோஷம் வந்துவிட்டது. "உன்னப் பழி சொன்னா என் மேல பழி வராதுல்ல. அதுக்குத்தான் சொன்னேன். நீயும் என்னைய மன்னிச்சிரு" என்றார். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டிருந்தோம். யார் யாரை முதலில் மன்னித்தது என்று கணக்குத் தெரியவில்லை.

பிறகு மச்சி மாலையிலிருந்து ஒரு துண்டை உருவி ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். கல்யாணமாகி வந்த வருஷம் நான் அரிந்த துண்டையும் இப்படித்தான் பிடித்துப் பார்த்து, செருப்புக்குத் தைக்கலாம் என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தார். இன்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கோவத்துல அரிஞ்சாத்தான் உனக்கு மெலிசா வருது போல," என்றார்.

தால்ச்சா வைத்தார். கடலைப் பருப்பு, மாங்காய், கத்தரிக்காய், உப்புக்கண்டம். பட்டை கிராம்பு தாளிக்கும்போதே வாய் ஊறியது. எழுதி வைத்துக்கொள், நிலோஃபர்: மாங்காய் கடைசியில்தான். பக்கத்தில் நெய்ச்சோறு. தட்டில் போட்டுக் கொடுத்துவிட்டு, என்னிடமே தம்பி நம்பரைக் கேட்டு வாங்கிப் போன் செய்தார். சத்தம் வெளியில் கேட்கும்படி வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தம்பி, பங்கு வந்துருச்சு."

கடையில் மோட்டார் ஓடுகிற இரைச்சல் மட்டும் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றது. நிறுத்திவிட்டார் போலிருக்கிறது.

"கேக்குதாடா? பெறந்த வீட்டுப் பங்கு வந்துருச்சு. கொஞ்சம் காஞ்சு வந்துருக்கு, அம்புட்டுத்தான்."

அப்புறம்தான் அவர் குரல் வந்தது. "சாப்டியாக்கா?"

"ஒம்பொண்டாட்டி சாப்டுக்கிட்டு இருக்கா. அவ முடிக்கட்டும்."

இரண்டு தடவை சோறு வாங்கினேன். தட்டை வழித்துச் சாப்பிட்டேன். இருபத்தாறு நாள் ஆயிற்று, கறி என் வாயில் பட்டு.

ஜூலை 4, வெள்ளி

நேற்று சாயங்காலமே அவரிடம் சொல்லிவிட்டேன். காய்ந்து வந்திருக்கிறது என்று கேட்டதுமே பாதி புரிந்திருந்தது அவருக்கு. மீதியை என் வாயிலிருந்து கேட்டார். கத்தவில்லை. நான் அக்காவைத் திட்டிக்கொண்டிருந்தேனே, அப்போதாவது சொல்லியிருக்கலாம் இல்லையா என்று மட்டும் கேட்டார். தொழுகைக்குப் போனார், வந்தார், சாப்பிடாமல் படுத்தார்.

இன்று காலை கடை திறக்கவில்லை. ஒன்றும் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். மத்தியானம் திரும்பி வரும்போது வண்டியில் இரண்டு சீப்பு வாழைப்பழமும் ஒரு தூக்குச்சட்டியும் தொங்கின. தூக்குச்சட்டி மச்சியுடையது. தால்ச்சாவில் மிச்சம். எனக்கு வைக்காமல் முழுவதையும் அவரே சாப்பிட்டார். சரி, எனக்கு வேண்டியதுதான்.

ஜூலை 9, புதன்

மச்சியை மதுரை விமான நிலையத்தில் ஏற்றிவிட்டு வந்தோம். வாடகைக் காரில் நான், அவர், மச்சி. ஹாஸ்டலில் சொல்லிவிட்டு நிலோஃபரும் அங்கே வந்துவிட்டாள். வழியெல்லாம் அக்காவும் தம்பியும் பேசிய பேச்சில் எனக்கு ஒரு வார்த்தை சொல்ல இடமில்லை.

பெட்டியை இறக்கும்போதுதான் கவனித்தேன். பெட்டி அடையாளம் தெரிவதற்காக மச்சி அதன் கைப்பிடியில் ஒரு துணி கட்டியிருந்தார். அந்த வெள்ளை டேப். துவைத்திருந்தார், ஆனாலும் மஞ்சள் கறை போகவில்லை. அவரும் பார்த்தார். அவர் தன் கடை டேப்பை எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவார்.

குனிந்து அதை அவிழ்த்தார். இப்படிக் கட்டினால் ஜித்தா போவதற்குள் கழன்றுவிடும் என்று சொல்லி, காயிலுக்குப் போடுகிற அவருடைய முடிச்சாகப் போட்டு இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். மச்சி அவர் தலையில் கை வைத்தார். அங்கேயே நின்று இரண்டு பேரும் அழுதார்கள். நிலோஃபர் என்னைப் பார்த்து, என்னம்மா நடந்துச்சு என்று கேட்டாள். டைரியில் இருக்கிறது, லீவில் வந்து படித்துக்கொள் என்றேன்.

திரும்பி வரும்போது உசிலம்பட்டி வரைக்கும் அவர் பேசவில்லை. நாலாம் தேதியிலிருந்தே என்னோடு வேண்டியதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. டீக்கடையில் காரை நிறுத்தச் சொன்னார். இரண்டு டீ வாங்கி, ஒன்றை என் கையில் கொடுத்தார்.

"அடுத்த பெருநாளுக்கு வாளிய நானே கொண்டுபோய்க் குடுத்துக்கிறேன்," என்றார்.

கோபத்தில்தான் சொன்னார். எனக்கு மட்டும் டீ அவ்வளவு இனித்தது.

"நானும் வர்றேன்," என்றேன்.

"வா. எலும்ப மட்டும் தொடையிலேயே விட்டு வை."